மூன்றாவது விதி: கல்லூரி கூடைப்பந்தும் கணக்கில் வராத பெண்களும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சுவழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

அமெரிக்கக் கல்லூரிகள்ல பெண்கள் விளையாட்டு எப்படி வளர்ந்ததுன்னு போன எபிசோட்ல பேசினோம். அதைக் கேட்ட ஒருத்தங்க ஒரே வரியில ஒரு மெயில் போட்டிருந்தாங்க: "லெஸ்பியன்னு பேர் வந்துடுமோங்கற பயத்தைப் பத்தி நிறைய சொன்னீங்க, அந்த டீம்கள்ல பைசெக்ஷுவல் பெண்கள் இல்லவே இல்லையா?"

இருந்தாங்க. நிறைய பேர் இருந்திருக்கணும். பியூ ஆராய்ச்சி மையம் 2013ல் அமெரிக்காவுல ஒரு பெரிய கருத்துக்கணிப்பு நடத்துச்சு. அதுல எல்ஜிபிடின்னு சொல்லிக்கிட்டவங்கள்ல 40 சதவீதம் பேர் பைசெக்ஷுவல். தமிழ்ல இருபாலீர்ப்புன்னு சொல்றாங்க, ஆண் பெண் ரெண்டு பேர் மேலயும் ஈர்ப்பு வரக்கூடியவங்க. அதே கணிப்புல இன்னொரு எண்ணும் இருக்கு. தன் வாழ்க்கையில முக்கியமானவங்கள்ல எல்லாருக்குமோ பெரும்பாலானவங்களுக்கோ இது தெரியும்னு சொன்னவங்க, லெஸ்பியன் பெண்கள்ல 71 சதவீதம், பைசெக்ஷுவல்கள்ல 28 சதவீதம். ஆள் எண்ணிக்கை அதிகம், வெளிய தெரியறது கம்மி. விளையாட்டு டீம்ங்கற சின்ன உலகத்துல இந்த இடைவெளி எப்படி உருவாச்சுன்னு புரியணும்னா பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தோட கதை உதவும். பென் ஸ்டேட்னு சொல்வாங்க.

அதுக்கு முன்னாடி ஒரு பழைய விஷயம். சூசன் கான்னு ஒரு வரலாற்று ஆய்வாளர். பெண்கள் விளையாட்டோட வரலாறு பத்தி 1994ல் ஒரு புத்தகம் எழுதினாங்க. அதுல என்னை ரொம்ப யோசிக்க வச்ச இடம் இது: இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல, பெண்கள் ஓடியாடி விளையாடினா அவங்களுக்கு ஆண்கள் மேல ஆசை கட்டுக்கடங்காமப் போயிடும்னு உடற்கல்வி ஆசிரியர்கள் பயந்தாங்களாம். 1930களுக்கு அப்புறம் பயம் திசை மாறுது. விளையாடுற பொண்ணுக்கு ஆண்கள் மேல ஆசையே வராது, பெண்கள் மேலதான் வரும்னு. ரெண்டு பயமும் அடுத்தடுத்து வந்திருக்கு. ரெண்டும் ஒரே பெண்ணுக்குள்ள இருக்கலாம்னு யாருக்கும் தோணல.

1972 ஜூன்ல டைட்டில் நைன் கையெழுத்தாச்சு. அரசு நிதி வாங்குற கல்வி நிறுவனத்துல பாலின அடிப்படையில பாகுபாடு கூடாது. சட்டத்தோட அந்த வாசகத்துல விளையாட்டுங்கற வார்த்தையே கிடையாது. ஆனா விளைவு விளையாட்டுலதான் பெருசா தெரிஞ்சது. 1971–72ல் உயர்நிலைப் பள்ளி டீம்கள்ல ஆடின பெண்கள் 3 லட்சத்துக்கும் கம்மி. இன்னைக்கு 30 லட்சத்துக்கும் மேல. கூடவே இன்னொண்ணும் நடந்துச்சு. அந்தச் சட்டம் வந்தப்போ கல்லூரிப் பெண்கள் டீம்கள்ல பத்துக்கு ஒன்பதுக்கு மேல பெண் கோச்கள்தான். சம்பளம் வர ஆரம்பிச்சதும் ஆண்கள் அந்த வேலைக்கு வந்தாங்க. இன்னைக்குப் பெண் கோச்கள் பாதிக்கும் கீழே.

மிச்சம் இருந்த பெண் கோச்களுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரே தலைவலி, ரெக்ரூட்டிங். நல்ல ஆட்டக்காரப் பொண்ணு வீட்டுக்குப் போய், அப்பா அம்மாகூட உக்காந்து பேசி, எங்க காலேஜுக்கு அனுப்புங்கன்னு கேக்கணும். போட்டி காலேஜ் கோச்சும் அதே வீட்டுக்கு வருவார். "அந்த டீம்லயா சேக்கப் போறீங்க? அங்க சூழ்நிலை சரியில்லைன்னு கேள்விப்பட்டேன்." அவ்வளவு சொன்னாப் போதும். கோச்சுக்குக் கல்யாணம் ஆகலைன்னா அதுகூடச் சொல்ல வேண்டாம். எதிர்மறை ரெக்ரூட்டிங்னு இதுக்கு ஒரு பேரே இருக்கு. பெத்தவங்க பயத்தை வச்சு நடக்குற வியாபாரம். இதுல நாம அமெரிக்காவை மட்டும் சொல்ல முடியாது, ஹாஸ்டல் பத்தி ஒரு அரைகுறை வதந்தி கேட்டு காலேஜையே மாத்தின பெத்தவங்களை நமக்கும் தெரியும்.

இந்த வியாபாரத்துல ரெனே போர்ட்லாண்ட் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பிலடெல்பியா பக்கத்துல இமாகுலேட்டான்னு, அப்போ பெண்கள் மட்டும் படிச்ச ஒரு சின்ன கத்தோலிக்கக் கல்லூரி. 1972, 73, 74னு தொடர்ந்து மூணு வருஷம் தேசிய சாம்பியன் ஆன டீம். அதுல ஆடினவங்க போர்ட்லாண்ட். 1980ல் பென் ஸ்டேட் கோச் ஆனாங்க. வேலைக்கு எடுத்தவர் புகழ்பெற்ற கால்பந்து கோச் ஜோ பட்டர்னோ. அப்போ அவர்தான் விளையாட்டுத் துறைக்கும் தலைவர். கல்யாணம் ஆனவங்க, குழந்தைகள் இருக்கறவங்க, ஜெயிக்கத் தெரிஞ்சவங்க. அவங்க டீமுக்கு மூணு விதி: குடி கூடாது, போதைப்பொருள் கூடாது, லெஸ்பியன் கூடாது. இது ரகசியம் இல்ல. 1986ல் சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகைக்கே வெளிப்படையாச் சொன்னாங்க: நான் இந்தப் பேச்சை நானே எடுப்பேன், கேட்டதும் பெத்தவங்களுக்கு நிம்மதி வருது, அப்படின்னு. மத்த கோச்கள் காதோட காதா பேசினதை இவங்க நேரடியா விளம்பரமா மாத்திட்டாங்க.

விதின்னு ஒண்ணு இருந்தா அதை மீறினா என்ன ஆகும்னு பாக்கணும். இங்கதான் எனக்கு முக்கியமான இடம் வருது, கொஞ்சம் மெதுவாவே போறேன். 1973ல் இருந்து என்சிஏஏ விதிப்படி விளையாட்டு ஸ்காலர்ஷிப் ஒரு வருஷத்துக்குத்தான். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கணும். புதுப்பிக்கலாமா வேண்டாமாங்கறது நடைமுறையில கோச் சொல்றதுதான். பல வருஷத்துக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம்னு அனுமதிச்சது 2012ல்தான். கோபிச்சுக்கிட்டு வேற காலேஜுக்குப் போகலாம்னா, கூடைப்பந்துல ஒரு சீசன் முழுக்க ஆடாம வெளிய உக்காரணும். அதாவது 19 வயசுப் பொண்ணோட படிப்புச் செலவு, தங்குற இடம், சாப்பாடு, கரியர் எல்லாம் ஒரே ஆளோட அபிப்பிராயத்துல தொங்கிட்டிருக்கு. அந்த ஆள் மனசுல ஒரு சந்தேகம் வந்தாப் போதும். விசாரணை கிடையாது, அப்பீல்னு போனாலும் பேருக்குத்தான்.

இப்போ அந்த டீம்ல ஒரு பைசெக்ஷுவல் பொண்ணை வச்சு யோசிங்க. அவளுக்கு பாய்பிரண்ட் இருந்தா பிரச்சினையே இல்ல. இன்னும் சொல்லப்போனா அவ டீமுக்கு ஒரு சொத்து. ரெக்ரூட்டிங் வர்ற பெத்தவங்க முன்னாடி நிறுத்தலாம். அடுத்த வருஷம் அவளுக்கு ஒரு பொண்ணு மேல காதல் வந்தா? விதிப்படி அவ லெஸ்பியன். "இல்ல மேடம், எனக்கு ரெண்டும்"னு சொல்ல அந்த விதியில இடமே இல்ல. சொன்னாலும் குற்றத்தைப் பாதி ஒத்துக்கிட்ட மாதிரிதான் ஆகும். அதனால அவ பாய்பிரண்டைப் பத்தி மட்டும் பேசுவா. அது பொய்யும் இல்ல. இதுதான் கொடுமை. லெஸ்பியன் பொண்ணு ஒளிஞ்சிருக்கணும்னா பொய் சொல்லணும், இவளுக்குப் பாதி உண்மையே போதும். வெளிய வர்றதால கிடைக்கப்போறதும் பெருசா இல்ல, இழக்கப்போறது ஸ்காலர்ஷிப். பியூ கணிப்புல வந்த அந்த 28 சதவீதத்துக்குப் பின்னாடி இந்த மாதிரிக் கணக்கும் இருக்கும்னுதான் நான் நினைக்கிறேன்.

டீமுக்குள்ள மறுபக்கமும் உண்டு. விதிக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கற லெஸ்பியன் தோழிகளுக்கு இவ மேல ஒரு அவநம்பிக்கை வரும். நாளைக்கு இவ ஒரு பையனோட போயிட்டா நம்ம ரகசியம் என்ன ஆகும்? இவளுக்கென்ன, எப்ப வேணாலும் அந்தப் பக்கம் போயிடலாம். இப்படி ரெண்டு பக்கமும் "நீ எங்க ஆள் இல்ல".

சாஃப்ட்வேர்ல வேலை பாக்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒரு ஃபீல்டை பூலியனா வச்சுட்டா உள்ள வர்ற எதுவும் ஒண்ணு ட்ரூ, இல்ல ஃபால்ஸ். மூணாவதா ஒரு மதிப்பு வந்தா சில சிஸ்டம் எரர் காட்டாது, சத்தமில்லாம ரெண்டுல ஒண்ணா மாத்திச் சேமிச்சுடும். அப்புறம் எத்தனை வருஷம் கழிச்சு ரிப்போர்ட் எடுத்தாலும் மூணாவது மதிப்பு வராது. டேட்டாவுல இல்லையே, அப்போ அப்படி யாரும் இல்லைன்னு மேனேஜர் சொல்வார்.

1991ல் பிலடெல்பியா இன்குயரர் பத்திரிகை இந்த விதியைப் பத்திப் பெரிய செய்தி போட்டுச்சு. வளாகத்துல போராட்டம் நடந்துச்சு. அந்த வருஷமே பல்கலைக்கழகம் தன்னோட பாகுபாடு எதிர்ப்புக் கொள்கையில பாலீர்ப்பையும் சேத்துச்சு. காகிதத்துல எல்லாம் சரியாயிடுச்சு. போர்ட்லாண்ட் வேலையில தொடர்ந்தாங்க. அதே 1991ல் அவங்களுக்குத் தேசிய அளவுல சிறந்த கோச் விருதும் கிடைச்சது. 2000ல் டீமைக் கடைசி நாலு பேர் சுற்றுக்குக் கொண்டுபோனாங்க. ஜெயிக்கிற கோச்சை யாரும் தொட மாட்டாங்கங்கறது எல்லா ஊர்லயும் உண்டு.

இது உடைஞ்சது 2005ல். ஜெனிபர் ஹாரிஸ், டீமோட முக்கியமான ஸ்கோரர்கள்ல ஒருத்தங்க, கறுப்பினப் பெண். ரெண்டு சீசன் ஆடியிருந்தாங்க. 2005 மார்ச்ல என்சிஏஏ போட்டியில டீம் முதல் சுற்றுலயே தோத்துச்சு. உடனே ஹாரிஸை டீம்லேர்ந்து தூக்கிட்டாங்க. டிசம்பர்ல அவங்க ஃபெடரல் கோர்ட்ல கேஸ் போட்டாங்க. நான் லெஸ்பியன்னு கோச்சுக்குச் சந்தேகம், இன்னும் பெண்மையா டிரஸ் பண்ணச் சொல்லி அழுத்தம் கொடுத்தாங்க, கடைசியில வெளிய அனுப்பிட்டாங்க, இதுல இனப் பாகுபாடும் இருக்குன்னு புகார். போர்ட்லாண்ட் எல்லாத்தையும் மறுத்தாங்க.

ஹாரிஸ் வெளிப்படையா ஒண்ணு சொன்னாங்க: நான் லெஸ்பியன் இல்ல. ஆமா, அந்த மூணாவது விதியை உடைச்ச வழக்கு, அந்த விதிக்குள்ளயே வராத ஒரு பொண்ணு போட்ட வழக்கு. அப்போ இதை ஏன் இந்த எபிசோட்ல சொல்றேன்னு நீங்க கேக்கலாம். அந்த விதி யார் எப்படிப்பட்டவங்கங்கற உண்மையைத் தேடவே இல்லைங்கறதுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. முடி எப்படி, டிரஸ் எப்படி, யார்கூட சுத்துறா, இதுதான் இன்புட். பாக்க ஒரு மாதிரி இருந்தா ஹாரிஸ் மாட்டுவாங்க. லிப்ஸ்டிக் போட்டு, மேட்ச் பாக்க ஒரு பையனும் வந்தா பைசெக்ஷுவல் பொண்ணு தப்பிச்சுடுவா. தப்பிச்சவளும் நிம்மதியா இருந்திருக்க மாட்டா, ஏன்னா தான் எதனால தப்பிச்சோம்னு அவளுக்கு நல்லாவே தெரியும்.

2006 ஏப்ரல்ல பல்கலைக்கழகத்தோட உள் விசாரணை முடிவு வந்துச்சு. ஹாரிஸோட பாலீர்ப்பு பத்தின அனுமானத்தால போர்ட்லாண்ட் பகைமையான, மிரட்டலான சூழலை உண்டாக்கினாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. இனப் பாகுபாட்டுக்கு ஆதாரம் இல்லைன்னுட்டாங்க. தண்டனை 10,000 டாலர் அபராதம், பன்முகத்தன்மை பத்தி ஒரு பயிற்சி, இன்னொரு தடவை நடந்தா வேலை போகும்னு எச்சரிக்கை. போர்ட்லாண்ட் அந்த முடிவை ஏத்துக்கவே இல்ல, விசாரணையே தப்புன்னாங்க. 2007 பிப்ரவரியில வழக்கு சமரசத்துல முடிஞ்சது, விவரம் ரகசியம். மார்ச்ல அவங்க ராஜினாமா பண்ணாங்க. ஹாரிஸ் அதுக்குள்ள வர்ஜீனியாவுல ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தாங்க. 2009ல் இந்தக் கதையைப் பத்தி 'டிரெய்னிங் ரூல்ஸ்'னு ஒரு டாகுமெண்டரி வந்துச்சு. 80கள்லயே வெளிய போக வேண்டி வந்த பழைய ஆட்டக்காரங்க அதுல பேசுறாங்க. இருபது வருஷம் கழிச்சும் கூடைப்பந்தைப் பத்திப் பேசும்போது அவங்க முகம் மாறுறதைப் பாக்கலாம்.

அதே 2005 அக்டோபர்ல, ஹாரிஸ் கேஸ் போடுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, இன்னொரு பெரிய செய்தி. ஷெரில் ஸ்வூப்ஸ் தான் ஒரு பெண்ணோட வாழறதா ஈஎஸ்பிஎன் பத்திரிகையில சொன்னாங்க. யார் இவங்கன்னா, டெக்சாஸ்ல பிரவுன்ஃபீல்டுங்கற சின்ன ஊர்ப் பொண்ணு. பெரிய பல்கலைக்கழகத்துல சேந்து, வீட்டு ஞாபகம் தாங்காம சில நாள்லயே திரும்பி வந்து, பக்கத்துல ரெண்டு வருஷக் காலேஜ்ல ஆடி, அப்புறம் டெக்சாஸ் டெக் போனவங்க. 1993 தேசிய ஃபைனல்ல ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிரா 84–82ல் ஜெயிச்சப்போ 47 புள்ளி அவங்களோடது. ஆண்கள் ஃபைனல்ல பில் வால்டன் 1973ல் அடிச்ச 44ஐயும் தாண்டின கணக்கு. தன் பேர்ல நைக்கி ஷூ வந்த முதல் கூடைப்பந்து வீராங்கனை. பள்ளிக் காலத்துக் காதலனையே கல்யாணம் பண்ணி, 1997ல் பையன் பிறந்து, டபிள்யுஎன்பிஏவோட முதல் சீசன்லயே பிரசவமான ஆறாவது வாரம் களத்துக்கு வந்தவங்க. மனைவி, அம்மா, சாம்பியன். அந்த லீக் அப்போ தேடிட்டிருந்த விளம்பர முகம் அச்சு அசலா இதுதான்.

1999ல் விவாகரத்து. 2005ல் அந்த அறிவிப்பு. பத்திரிகைகள் லெஸ்பியன்னு எழுதினாங்க. நான் பிறவியிலேயே இப்படின்னு எனக்குத் தோணலைங்கற மாதிரி அவங்க பேசினதுல நிறைய பேருக்குக் குழப்பம், சில ஆதரவாளர்களுக்கே கோபம். எதிர்த்தரப்பு இதைப் பிடிச்சுக்குமேன்னு. 2011ல் ஒரு ஆணோட நிச்சயமானதா செய்தி வந்துச்சு. உடனே அவங்க இப்போ லெஸ்பியன் இல்லைங்கற மாதிரித் தலைப்புகள். பழைய வாழ்க்கையை விட்டுட்டாங்களான்னு கேள்விகள். அதே ஆளைப் பத்தி ஆறு வருஷத்துல ரெண்டு தடவை, ரெண்டு தடவையும் முழு மாற்றம்னு எழுதினாங்க. ஒரே மனுஷி ரெண்டு விதமாவும் காதலிச்சிருக்கலாம்ங்கற எளிய விளக்கம் பெரும்பாலான செய்திகள்ல இல்ல. பைசெக்ஷுவல்ங்கற பேரை அவங்க தனக்கு வச்சுக்கல. அதை நான் வைக்கறதும் முறை இல்ல. நான் சொல்றது எழுதினவங்ககிட்ட இருந்த ரெண்டே டப்பாவைப் பத்தி. போர்ட்லாண்டோட விதியில இருந்த அதே ரெண்டு டப்பாதான், அனுதாபமா எழுதினவங்ககிட்டயும் இருந்தது.

என்னோட காலேஜ் த்ரோபால் டீமை இங்க நினைக்காம இருக்க முடியல. ஜோனல் மேட்சுக்கு வெளியூர் போகும்போது ரூமுக்கு நாலு பேர்னு லிஸ்ட் போடுவாங்க. ஒரு அக்கா இருந்தாங்க, அவங்க பேர் இருக்கற ரூம்ல சேர ரெண்டு மூணு பேர் தயங்குவாங்க. காரணம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்ல. மூணாவது வருஷம் அவங்க ஒரு சீனியர் அண்ணனை லவ் பண்றாங்கன்னு தெரிஞ்சதும் எல்லாரும் சகஜமாயிட்டாங்க. "நாங்கதான் தப்பா நினைச்சுட்டோம்"னு சிரிச்சாங்க. அந்த அக்கா சிரிக்கல, ஷூ லேஸைக் கட்டிட்டு கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. அவங்களைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். அதுக்கு மேல நான் எதையும் முடிவு பண்றதா இல்ல.

பென் ஸ்டேட்டோட கதை முடியல. 2013ல் பிரிட்னி கிரைனர் பெய்லர் பல்கலைக்கழகத்தை விட்டு வெளிய வந்ததும் சொன்னாங்க: ரெக்ரூட்டிங் பாதிக்கும்னு இதை வெளிப்படையாப் பேச வேண்டாம்னு டீம்ல எங்களுக்குச் சொல்லியிருந்தாங்க. அந்த டீம்தான் முந்தின வருஷம் 40–0ன்னு ஒரு மேட்ச்கூடத் தோக்காம சாம்பியன் ஆச்சு. பென் ஸ்டேட்ல விதியாவே இருந்தது இங்க அறிவுரையா மாறியிருந்தது, காரணம் மட்டும் அதே, கூடத்துல உக்காந்திருக்கற அப்பா அம்மா. பெய்லர் தன்னோட நடத்தை விதியில இருந்த ஓரினச்சேர்க்கைங்கற வார்த்தையை 2015ல்தான் எடுத்துச்சு.

என்னைக் கேட்டா, பைசெக்ஷுவல் ஆட்டக்காரங்களுக்கு உதவினதுல விழிப்புணர்வு போஸ்டரைவிடப் பெருசு, யாரும் கொண்டாடாத ரெண்டு மூணு நிர்வாக மாற்றம். 2012ல் பல வருஷ ஸ்காலர்ஷிப்புக்கு அனுமதி வந்துச்சு. 2015ல் பெரிய அஞ்சு லீக் காலேஜ்கள், ஆட்டக் காரணத்துக்காக ஸ்காலர்ஷிப்பை நிறுத்தக் கூடாதுன்னு முடிவு பண்ணாங்க. 2021ல் கூடைப்பந்துக்காரங்களும் ஒரு தடவை வேற காலேஜுக்கு மாறி உடனே ஆடலாம்னு என்சிஏஏ விதி மாறிச்சு. பாலீர்ப்புங்கற வார்த்தையே இந்த மூணுலயும் இல்ல. ஆனா கோச் மேடத்துக்குச் சந்தேகம் வந்தா என்ன பண்றதுங்கற கேள்விக்கு, 2005ல் ஹாரிஸ்கிட்ட இல்லாத ஒரு பதில் இன்னைக்கு ஒரு பொண்ணுகிட்ட இருக்கு. பையைத் தூக்கிட்டுப் போய், அடுத்த நவம்பர்லயே வேற ஜெர்சியில ஆடலாம்.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க டீம் கதை ஏதாவது இருந்தா, பேர் போடாமலே எழுதுங்க.